கட்டளை போட்டும் செட்டிங் ஏன் நிற்கவில்லை?

அண்ணாச்சி, உங்கள் கேள்வியை முதலில் என் சொல்லில் சொல்லிவிடுகிறேன். அம்பாசமுத்திரத்தில் சேவை மையம் வைத்திருக்கிறீர்கள். 14 கணினி, எல்லாவற்றிலும் உபுண்டு என்ற லினக்ஸ். இரண்டில் மட்டும் கூடவே விண்டோஸும் இருக்கிறது. பட்டா மாறுதல், வருமானச் சான்று, தேர்வாணைய விண்ணப்பம் என்று ஆட்கள் வந்து உட்கார்ந்திருக்கும்போது கணினி தூங்கிப் போகிறது. சில கணினிகளில் நேரம் ஐந்தரை மணி பிசகுகிறது. தமிழ்99 விசைப்பலகை காணாமல் போகிறது. டெர்மினலில் கட்டளை தட்டிச் சரிசெய்கிறீர்கள். கரண்ட் போய் வந்த பிறகு சில மாற்றங்கள் நிற்கின்றன, சில பழையபடி திரும்பிவிடுகின்றன. அதனால் எல்லாக் கணினிக்கும் ஒரேயடியாகப் போடக்கூடிய கட்டளைப் பட்டியல் கேட்டிருக்கிறீர்கள். பட்டியலை மட்டும் தந்தால் அடுத்த உபுண்டு பதிப்பு வரும்போது அதில் பாதி செல்லாது. ஒவ்வொரு செட்டிங்கும் எங்கே குடியிருக்கிறது, யாருக்குச் சொந்தம், நீங்கள் தட்டுகிற கட்டளை அதை எங்கே எழுதுகிறது என்பதுதான் உங்கள் கேள்விக்குள் இருக்கிற கேள்வி. அதைப் பிடித்துக்கொண்டால் உங்கள் சிக்கல்கள் அத்தனையும் ஒரே நூலில் கோர்த்து வந்துவிடும்.

ஒன்றை முன்னதாகவே சொல்ல வேண்டும். கட்டளைகளை இங்கே உச்சரிப்பில் எழுதுகிறேன். நீங்கள் கையாலேயே ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டுங்கள். முதல் சில எழுத்துகளைத் தட்டி டேப் விசையை அழுத்தினால் மீதியை ஷெல், அதாவது டெர்மினலில் கட்டளையை வாங்கிச் செயல்படுத்தும் நிரல், நிரப்பும். வாட்ஸப்பிலோ வேர்டிலோ வந்த கட்டளையை நகலெடுத்து ஒட்டும்போது நேரான மேற்கோள் குறி வளைந்த குறியாகவும், இரட்டைச் சிறுகோடு ஒற்றை நீளக்கோடாகவும் மாறிவிடுகின்றன. கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும். ஷெல்லுக்கு அவை வேறு எழுத்துகள். ‘கட்டளை சரியாகத்தான் போட்டேன், பிழை சொல்கிறது’ என்று வரும் புகார்களில் இதை முதலில் பார்க்க வேண்டும்.

லினக்ஸில் செட்டிங் இருக்கிற இடங்கள் மூன்று. முதலாவது, ஓடிக்கொண்டிருக்கும் கர்னலின் (இயங்குதளத்தின் மையப் பகுதி) நினைவகம். இங்கே எழுதினால் உடனே பலிக்கும்; கணினி அணைந்ததும் போய்விடும். இரண்டாவது, எட்சி (இ, டி, சி) என்ற கோப்புறைக்குள் இருக்கும் எழுத்துக் கோப்புகள். இவை வட்டில் இருப்பதால் நிலைக்கும். ஆனால் அந்தக் கோப்பை யாராவது படித்தால்தான் பலிக்கும். படிப்பது கணினி தொடங்கும்போதா, ஒரு சர்வீஸ் தொடங்கும்போதா, லாகின் செய்யும்போதா என்பது கோப்புக்குக் கோப்பு வேறு. மூன்றாவது, ஒவ்வொரு பயனருக்கும் தனியாக இருக்கும் டிகான்ஃப் என்ற தரவுக்கிடங்கு. டெஸ்க்டாப் தொடர்பான விருப்பங்கள், அதாவது திரை அணையும் நேரம், விசைப்பலகை, எழுத்துரு எல்லாம் அங்கே. அது அந்தப் பயனரின் வீட்டுக் கோப்புறையில், கான்ஃபிக் என்ற மறைகோப்புறைக்குள், ‘டிகான்ஃப்’ கோப்புறையில் ‘யூசர்’ என்ற ஒரே கோப்பாக இருக்கிறது. எழுத்துக் கோப்பு அல்ல. எடிட்டரில் திறந்து திருத்த முடியாது. உங்களுக்கு ‘நிற்காத’ மாற்றம் முதல் இடத்தில் மட்டும் எழுதப்பட்டது, அல்லது மூன்றாவது இடத்தில் வேறொரு பயனரின் கிடங்கில் எழுதப்பட்டது. இந்த இரண்டும்தான் முக்கியமான காரணங்கள்.

முதல் இடத்துக்கான கட்டளை சிஸ்சிடிஎல். நீங்கள் மாற்றியதாகச் சொன்ன ‘விஎம்.ஸ்வாப்பினெஸ்’, அதாவது நினைவகத்தில் இருப்பதை வட்டிலுள்ள ஸ்வாப் இடத்துக்குக் கர்னல் எவ்வளவு தாராளமாகத் தள்ளும் என்ற எண், இங்கேதான் இருக்கிறது. ‘சிஸ்சிடிஎல் விஎம்.ஸ்வாப்பினெஸ்’ என்று தட்டினால் இப்போதைய மதிப்பைக் காட்டும். யாரும் தொடாத உபுண்டுவில் 60. கட்டளைக்கு முன் சுடோ போட்டால் ரூட் என்ற நிர்வாகப் பயனரின் அதிகாரத்தில் ஓடும். ‘சுடோ சிஸ்சிடிஎல்’, அடுத்து சிறுகோடு டபிள்யூ, அடுத்து ‘விஎம்.ஸ்வாப்பினெஸ்=10’ என்று போட்டால் அந்த நொடியே 10 ஆகும். இந்தக் கட்டளை செய்வது ப்ராக் கோப்புறைக்குள் சிஸ், அதற்குள் விஎம், அதற்குள் ஸ்வாப்பினெஸ் என்ற கோப்பில் எண்ணை எழுதுவது மட்டுமே. பார்வைக்குக் கோப்பு, உண்மையில் அது கர்னல் காட்டுகிற ஒரு சாளரம், வட்டில் எதுவும் இல்லை. அதனால்தான் கரண்ட் போய் வந்தால் 60 திரும்பி வருகிறது. பழுது ஒன்றுமில்லை.

நிலைக்க வேண்டுமானால், எட்சிக்குள் ‘சிஸ்சிடிஎல் புள்ளி டி’ என்ற கோப்புறையில் உங்கள் பெயரில் ஒரு கோப்பு வையுங்கள். பெயர் ‘99-சென்டர்’ போல இருக்கட்டும், முடிவு ‘புள்ளி கான்ஃப்’ என்று இருந்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் அந்தக் கோப்பைக் கண்டுகொள்ளாது. முன்னால் 99 எதற்கென்றால், பல கோப்புறைகளில் உள்ள இத்தகைய கோப்புகள் எல்லாம் பெயர் வரிசைப்படி படிக்கப்படுகின்றன. ஒரே செட்டிங் இரண்டு கோப்பில் இருந்தால் கடைசியில் வருவது வெல்லும். எழுதி முடித்ததும் ‘சுடோ சிஸ்சிடிஎல்’ என்று தட்டி, இரட்டைச் சிறுகோட்டுடன் ‘சிஸ்டம்’ சேர்த்தால் எல்லாக் கோப்புகளையும் வரிசையாகப் படித்து, எந்தக் கோப்பிலிருந்து எதை எடுத்தது என்றும் திரையில் காட்டும். பலர் இங்கே சிறுகோடு பி போடுகிறார்கள். கோப்புப் பெயர் கொடுக்காமல் அதைப் போட்டால் பழைய ‘எட்சி சிஸ்சிடிஎல்.கான்ஃப்’ என்ற ஒற்றைக் கோப்பை மட்டுமே படிக்கும். உங்கள் புதுக் கோப்பைத் தொடவே தொடாது. அந்தப் பழைய கோப்பிலேயே எழுதும் பழக்கத்தையும் விடுவது நல்லது. உபுண்டுவுக்கு மூலமான டெபியன் லினக்ஸின் 13-ஆம் பதிப்பில் கணினி தொடங்கும்போது அது படிக்கப்படுவதே இல்லை. புள்ளி டி கோப்புறை எல்லா இடத்திலும் செல்லும்.

‘சுடோ எக்கோ 10’ என்று எழுதி, அம்புக்குறி போட்டுக் கோப்புப் பெயர் கொடுத்தால் ‘பெர்மிஷன் டினைட்’ என்று வருவதையும் கேட்டிருந்தீர்கள். சுடோ எக்கோவுக்கு மட்டும்தான் ரூட் அதிகாரம் தருகிறது. அம்புக்குறியைச் செயல்படுத்தி அந்தக் கோப்பைத் திறப்பது உங்கள் ஷெல். அதற்கு அதிகாரம் கிடையாது. எக்கோவின் வெளியீட்டைக் குழாய்க்குறி (செங்குத்துக் கோடு) வழியாக ‘சுடோ டீ’ என்ற கட்டளைக்கு அனுப்பி, டீக்குப் பின்னால் கோப்புப் பெயரைக் கொடுங்கள். டீயே ரூட்டாக ஓடுவதால் கோப்பைத் திறந்துவிடும்.

மின்வெட்டுக்கும் இதற்கும் இன்னொரு தொடர்பு உண்டு. டீ, சிபி போன்ற கட்டளைகள் எழுதி முடித்துவிட்டதாகச் சொன்னாலும் தரவு கொஞ்ச நேரம் நினைவகத்திலேயே இருக்கும். கர்னலின் இயல்பான அளவுப்படி 30 நொடி வரை பழசான பிறகுதான் கட்டாயமாக வட்டுக்குப் போகும். ஐப்பசி, கார்த்திகையில் மேற்கே பொதிகைப் பக்கம் இடி இடிக்கிற சாயங்காலத்தில் கோப்பைத் திருத்திவிட்டு உடனே கரண்ட் போனால், அந்தத் திருத்தம் வட்டை எட்டாமலே போகலாம். கோப்பு காலியாகக்கூட நிற்கலாம். திருத்தி முடித்ததும் ‘சிங்க்’ என்று தட்டுங்கள் (எஸ், ஒய், என், சி). அது எழுதி முடித்துத்தான் திரும்பும்.

இனி மூன்றாவது இடம். உங்கள் சிக்கலில் பெரும்பகுதி இங்கேதான். ஜிசெட்டிங்ஸ் என்ற கட்டளையில் ‘கெட்’ போட்டால் மதிப்பைப் படிக்கும், ‘செட்’ போட்டால் எழுதும், ‘ரீசெட்’ போட்டால் இயல்புநிலைக்குக் கொண்டுபோகும், ‘ரேஞ்ச்’ போட்டால் எந்தெந்த மதிப்பு செல்லும் என்று சொல்லும். திரை அணைவதற்கான இடம் ‘ஆர்க்.க்னோம்.டெஸ்க்டாப்.செஷன்’ என்ற தொகுதியில் ‘ஐடில்-டிலே’; அலகு நொடி, 0 என்றால் அணையவே அணையாது. கணினி தூங்குவது வேறு செட்டிங்: ‘ஆர்க்.க்னோம்.செட்டிங்ஸ்-டீமன்.ப்ளகின்ஸ்.பவர்’ தொகுதியில் ‘ஸ்லீப்-இனாக்டிவ்-ஏசி-டைப்’. அதற்கு ‘நத்திங்’ என்று மதிப்புக் கொடுக்க வேண்டும். நீங்கள் முதலாவதை மட்டும் மாற்றியிருக்கிறீர்கள். திரை அணையாமல் இருந்தும் கணினி தூங்கியது அதனால்தான்.

ஜிசெட்டிங்ஸுக்கு முன்னால் சுடோ போடவே கூடாது. போட்டால் கட்டளை பிழையில்லாமல் முடியலாம். மாறுவது ரூட் என்ற பயனரின் கிடங்கு. உங்கள் கடையில் லாகின் செய்திருப்பவர் ‘யூசர்1’ என்றால் அவருக்கு எதுவும் மாறியிருக்காது. பிழை வராததால் வேலை முடிந்தது என்று நினைத்துவிடுவோம். அதனால் எந்த மாற்றம் செய்தாலும் ‘செட்’ போட்ட பிறகு அதே பயனராக இருந்து ‘கெட்’ போட்டுப் பாருங்கள். பயனர் யார் என்று சந்தேகம் வந்தால் ‘ஹூஅம்ஐ’ என்று தட்டினால் சொல்லிவிடும்.

எந்த செட்டிங்குக்கு என்ன பெயர் என்று தேடி அலைய வேண்டியதில்லை. ஒரு டெர்மினலில் ‘டிகான்ஃப் வாட்ச்’ என்று தட்டி ஒரு சாய்கோடு போட்டு ஓட விடுங்கள். பக்கத்தில் செட்டிங்ஸ் சாளரத்தைத் திறந்து, வேண்டிய மாற்றத்தை மவுஸால் ஒரு தடவை செய்யுங்கள். எந்தப் பாதையில் எந்தச் சொல் என்ன மதிப்புக்கு மாறியது என்று டெர்மினலில் அந்தக் கணமே விழும். அதை எழுதி வைத்துக்கொண்டால் மீதி 13 கணினிக்கும் கட்டளை கையில் இருக்கிறது. பதிப்புக்குப் பதிப்பு பெயர் மாறினாலும் இந்த வழி மாறாது. பட்டியல் கேட்டவருக்கு நான் தரக்கூடிய மிகப் பயனுள்ள ஒன்று இதுதான் என்று நினைக்கிறேன்.

தமிழ்99-க்கு வருவோம். முதலில் ‘ஐபஸ்-எம்17என்’ என்ற விசைப்பலகைத் தொகுப்பு எல்லாக் கணினியிலும் நிறுவியிருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் செட்டிங் சரியாக இருந்தாலும் விசைப்பலகை வராது. செட்டிங் இருக்கும் இடம் ‘ஆர்க்.க்னோம்.டெஸ்க்டாப்.இன்புட்-சோர்சஸ்’ தொகுதியில் ‘சோர்சஸ்’. அதன் மதிப்பு ஒரு பட்டியல்: சதுர அடைப்புக்குள், வளை அடைப்புகளில் இணை இணையாக வரும். ‘எக்ஸ்கேபி’யும் ‘யுஎஸ்’ஸும் ஓர் இணை, ‘ஐபஸ்’ஸும் ‘எம்17என்:டிஏ:தமிழ்99’உம் அடுத்த இணை, கடைசியில் உள்ளதும் ஆங்கில எழுத்தில்தான். ஒவ்வொரு சொல்லையும் ஒற்றை மேற்கோளில் போட வேண்டும். முழு மதிப்பையும் வெளியே இரட்டை மேற்கோளில் போர்த்த வேண்டும். வெளி மேற்கோள் இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் ஒற்றை மேற்கோள்களை ஷெல் உரித்துவிடும், வளை அடைப்பைத் தன் இலக்கணமாக எடுத்துக்கொண்டு பிழை சொல்லும். சரியான வடிவம் வேண்டுமானால் ஒரு கணினியில் மவுஸால் சேர்த்துவிட்டு ‘கெட்’ போடுங்கள். அது காட்டுவதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

இதெல்லாம் ஒரு பயனருக்கு. உங்கள் மையத்தில் கணினிக்கு இரண்டு மூன்று கணக்கு இருப்பதாகச் சொன்னதால், ஒவ்வொருவராக லாகின் செய்து மாற்றுவதை விட, கணினி முழுவதற்கும் இயல்புநிலை வைப்பதே சரி. எட்சிக்குள் டிகான்ஃப், அதற்குள் ப்ரொஃபைல், அதற்குள் ‘யூசர்’ என்ற கோப்பு உருவாக்கி இரண்டு வரி எழுத வேண்டும்: முதல் வரி ‘யூசர்-டிபி:யூசர்’, இரண்டாவது வரி ‘சிஸ்டம்-டிபி:லோக்கல்’. பிறகு எட்சி, டிகான்ஃப், டிபி, ‘லோக்கல் புள்ளி டி’ என்ற கோப்புறையில் ‘00-சென்டர்’ என்று ஒரு கோப்பு வைத்து அதில் செட்டிங்குகளை எழுதி, ‘சுடோ டிகான்ஃப் அப்டேட்’ போட வேண்டும். இந்தக் கடைசிக் கட்டளையை மறந்தால் எழுதியது எழுத்தாகவே கிடக்கும். பயனர் லாகின் விட்டு மறுபடி நுழைந்ததும் பலிக்கும்.

இந்தக் கோப்பில் இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். தொகுதிப் பெயரைச் சதுர அடைப்புக்குள் எழுதும்போது புள்ளிக்குப் பதில் சாய்கோடு வரும். ஜிசெட்டிங்ஸில் எழுதிய பழக்கத்தில் புள்ளி வைத்தால் எந்த விளைவும் இருக்காது. அடுத்தது மதிப்பின் வகை. ‘ஐடில்-டிலே’ என்பது குறியில்லா முழு எண். ஆகவே 0 என்று மட்டும் எழுதாமல் ‘யுஇன்ட்32’ என்று எழுதி இடைவெளி விட்டு 0 போட வேண்டும். ஜிசெட்டிங்ஸ் கட்டளை வகையைத் தானே தெரிந்துகொள்ளும். இந்தக் கோப்புக்கு அந்த அறிவு இல்லை. வகை தவறினால் அந்த வரியைச் சத்தமில்லாமல் ஒதுக்கிவிட்டுப் பழைய இயல்புநிலையையே எடுத்துக்கொள்ளும். ‘நத்திங்’ போன்ற சொல் மதிப்புகளுக்கு ஒற்றை மேற்கோள் கட்டாயம்.

இப்படி வைப்பது இயல்புநிலைதான். பயனர் ஏற்கெனவே தன் கிடங்கில் வேறு மதிப்பு வைத்திருந்தால் அவருடையதே வெல்லும். யாரும் மாற்றக் கூடாது என்றால் அதே ‘லோக்கல் புள்ளி டி’க்குள் ‘லாக்ஸ்’ என்று ஒரு கோப்புறை உருவாக்கி, அதில் ஒரு கோப்பு வைத்து, பூட்ட வேண்டிய செட்டிங்கின் முழுப் பாதையைச் சாய்கோட்டில் தொடங்கி வரிக்கு ஒன்றாக எழுதி, மறுபடி ‘டிகான்ஃப் அப்டேட்’ போடுங்கள். விசைப்பலகையைப் பூட்ட வேண்டாம் என்பது என் கருத்து. தமிழ்99 தெரியாமல் ஒலிபெயர்ப்பில் தட்டுகிறவர்கள் உங்கள் மையத்துக்கும் வருவார்கள். அவர்கள் தங்களுக்கு வேண்டியதைச் சேர்த்துக்கொள்ள இடம் இருக்கட்டும். தூக்கத்தை மட்டும் பூட்டினால் போதும்.

தூக்கத்தில் இன்னொரு சிக்கு இருக்கிறது. யாரும் லாகின் செய்யாமல் லாகின் திரையிலேயே நிற்கிற கணினியும் சிறிது நேரத்தில் தூங்கிவிடும். அந்தத் திரையை நடத்துவது ஜிடிஎம் என்ற தனிப் பயனர். அவருக்குத் தனி டிகான்ஃப் அமைப்பு. உங்கள் ‘யூசர்’ ப்ரொஃபைல் அவரைத் தொடாது. காலையில் வந்து பார்த்தால் பாதிக் கணினி உறங்கிக் கிடப்பதாக நீங்கள் சொன்னது இதனால்தான் இருக்கும். எப்போதும் மின் இணைப்பில் இருக்கும் மேசைக் கணினிக்கு ஒரே அடியாகத் தீர்வு உண்டு: ‘சுடோ சிஸ்டம்சிடிஎல் மாஸ்க்’ என்று போட்டு, பின்னால் ‘ஸ்லீப்.டார்கெட், சஸ்பெண்ட்.டார்கெட், ஹைபர்னேட்.டார்கெட், ஹைப்ரிட்-ஸ்லீப்.டார்கெட்’ என்ற நான்கையும் காற்புள்ளி இல்லாமல் இடைவெளி விட்டுக் கொடுங்கள். யார் கேட்டாலும் கணினி தூங்காது. திரும்ப வேண்டுமானால் மாஸ்க் இருந்த இடத்தில் ‘அன்மாஸ்க்’. மடிக்கணினிக்கு இதைச் செய்யாதீர்கள். மூடியை மூடிப் பைக்குள் வைத்தாலும் ஓடிக்கொண்டே சூடாகும்.

நேரம் பிசகுவதில் இரண்டு வேறு நோய்களை ஒன்றாகச் சொல்லியிருக்கிறீர்கள். ‘டைம்டேட்சிடிஎல்’ என்று மட்டும் தட்டிப் பாருங்கள். உள்ளூர் நேரம், உலக நேரம், ஆர்டிசி என்ற வன்பொருள் கடிகார நேரம், நேர மண்டலம், இணையத்தோடு ஒத்திசைந்ததா என்பதெல்லாம் வரிசையாக வரும். மண்டலம் ‘ஏசியா/கொல்கத்தா’ என்று இல்லாவிட்டால் ‘டைம்டேட்சிடிஎல் செட்-டைம்சோன்’ போட்டு அதைக் கொடுங்கள். ஒத்திசைவு நின்றிருந்தால் ‘செட்-என்டிபி ட்ரூ’. இந்தக் கட்டளைகள் வட்டிலும் எழுதுவதால் நிலைத்துவிடும்.

சரியாக ஐந்தரை மணி பிசகுவது விண்டோஸும் சேர்ந்திருக்கிற அந்த இரண்டு கணினிகளில்தான் என்றால் காரணம் வேறு. லினக்ஸ் வன்பொருள் கடிகாரத்தில் உலக நேரத்தை வைக்கும். விண்டோஸ் அதையே உள்ளூர் நேரம் என்று படிக்கும். ஒன்று திருத்த, மற்றது குழம்பும். ‘டைம்டேட்சிடிஎல் செட்-லோக்கல்-ஆர்டிசி 1’ போட்டால் லினக்ஸும் உள்ளூர் நேரத்துக்கு வந்துவிடும். ஓர் எச்சரிக்கை காட்டும். அந்த எச்சரிக்கைக்கு முக்கியக் காரணம் கோடையில் கடிகாரத்தை முன்தள்ளும் நாடுகள். நம் நாட்டில் அது இல்லாததால் பாதிப்பு குறைவு. சுத்தமான வழி விண்டோஸை மாற்றுவது: விண்டோஸின் செட்டிங் கிடங்கான ரெஜிஸ்ட்ரியில், எச்கேஎல்எம் கிளையில் சிஸ்டம், கரன்ட்கன்ட்ரோல்செட், கன்ட்ரோல், டைம்சோன்இன்ஃபர்மேஷன் என்ற பாதையில் ‘ரியல்டைம்இஸ்யுனிவர்சல்’ என்ற டிவேர்ட் மதிப்பை 1 ஆக வையுங்கள். இரண்டில் ஒன்றை மட்டும் செய்ய வேண்டும். இரண்டையும் செய்தால் மறுபடி ஐந்தரை மணிதான்.

பிசகு ஐந்தரை மணியாக இல்லாமல் ஆண்டுக்கணக்கில் இருந்தால், கட்டளையால் தீராது. மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பட்டன் பேட்டரி தீர்ந்திருக்கிறது. தேதி பழையதாக இருந்தால் இணையதளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ்கள் செல்லாதவை என்று உலாவி தடுக்கும். அரசு தளம் திறக்கவில்லை என்று ஆட்கள் நினைப்பார்கள். பேட்டரியை மாற்றுங்கள்.

கணினியின் பெயரை மாற்ற ‘ஹோஸ்ட்நேம்சிடிஎல் செட்-ஹோஸ்ட்நேம்’. ஆங்கில எழுத்து, எண், சிறுகோடு மட்டும், அடிக்கோடு வேண்டாம். மாற்றியதும் எட்சி ஹோஸ்ட்ஸ் கோப்பில் 127.0.1.1 வரியில் உள்ள பழைய பெயரையும் மாற்றுங்கள். இல்லாவிட்டால் சுடோ ஒவ்வொரு தடவையும் அந்தப் பெயரைத் தேடிக் கிடைக்கவில்லை என்று சொல்லும். நெட்வொர்க் முகவரியை நெட்ப்ளான் (உபுண்டுவின் நெட்வொர்க் அமைப்பு) கோப்பில் மாற்றினால் ‘நெட்ப்ளான் அப்ளை’ போடுவதற்கு முன் ‘நெட்ப்ளான் ட்ரை’ போடுங்கள். 120 நொடிக்குள் என்டர் அழுத்தாவிட்டால் பழைய நிலைக்குத் தானே திரும்பிவிடும். எஸ்எஸ்எச் வழியாக, அதாவது தொலைவிலிருந்தே அந்தக் கணினியின் டெர்மினலுக்குள் நுழைந்து, மாற்றுகிறவருக்கு இது உயிர்காக்கும் கயிறு.

14 கணினிக்கும் போடுவது இப்போது எளிது. எல்லாவற்றிலும் ஓபன்எஸ்எஸ்எச்-சர்வர் நிறுவி, உங்கள் கணினியில் எஸ்எஸ்எச்-கீஜென் போட்டு நுழைவுச் சாவி உருவாக்கி, எஸ்எஸ்எச்-காப்பி-ஐடி மூலம் அந்தச் சாவியை ஒவ்வொன்றுக்கும் அனுப்புங்கள். மேலே சொன்ன கோப்புகளை ஒரே கோப்புறையில் வைத்து, அவற்றை உரிய இடத்தில் நகலெடுத்து ‘டிகான்ஃப் அப்டேட்’, ‘சிஸ்சிடிஎல்’, ‘மாஸ்க்’ கட்டளைகளை வரிசையாக ஓட்டும் ஒரு ஷெல் ஸ்கிரிப்ட் எழுதுங்கள். கோப்பின் கடைசியில் வரியை ஒட்டும் இரட்டை அம்புக்குறியை அதில் பயன்படுத்தாதீர்கள். ஸ்கிரிப்டை ஐந்து தடவை ஓட்டினால் ஒரே வரி ஐந்து தடவை சேரும். முழுக் கோப்பையும் புதிதாக வைப்பதே நல்லது, எத்தனை தடவை ஓட்டினாலும் விளைவு ஒன்றுதான். முதலில் ஒரு கணினியில் ஓட்டி, ரீஸ்டார்ட் செய்து, மதிப்புகளைப் படித்துப் பார்த்து, ஒரு நாள் வேலை செய்ய விட்டு, பிறகு மற்றவற்றுக்குப் போங்கள். ரீஸ்டார்ட் செய்யாமல் சோதித்தது சோதனையே ஆகாது, உங்கள் கேள்வியே அங்கேதான் தொடங்குகிறது. அன்சிபிள் என்ற கருவி இதையே ஒழுங்காகச் செய்யும்; ஆனால் 14 கணினிக்கு ஷெல் ஸ்கிரிப்ட் போதும்.

மாற்றுவதற்கு முன் எட்சி முழுவதையும் டார் கோப்பாகக் கட்டி வையுங்கள். எட்ச்கீப்பர் என்ற தொகுப்பை நிறுவினால் எட்சியின் மாற்றங்களைக் கிட்டில் (கோப்பு மாற்றங்களின் வரலாற்றை வைத்திருக்கும் கருவி) பதிந்து வரும். எந்தெந்த வரிகள் மாறின என்று பின்னால் பார்க்கலாம். ‘டிகான்ஃப் டம்ப்’ போட்டு ஒரு பயனரின் விருப்பங்களை எழுத்துக் கோப்பாக எடுக்கலாம், ‘லோட்’ போட்டு இன்னொருவருக்கு ஏற்றலாம். வேண்டிய தொகுதியை மட்டும் எடுங்கள், முழுவதையும் ஏற்றினால் ஒருவரின் சாளர அளவும் சமீபத்திய பாதைகளும் மற்றவருக்கு ஒட்டிக்கொள்ளும். ‘சிஸ்சிடிஎல்’லுடன் சிறுகோடு ஏ போட்டால் எல்லா மதிப்பும் வரும், அதை ஒப்பிட்டுப் பார்க்க வைத்துக்கொள்ளுங்கள், மொத்தமாக வேறு கணினியில் ஏற்றாதீர்கள். அவற்றில் பல அந்தந்த நினைவக அளவைப் பொறுத்துக் கர்னல் தானே கணக்கிட்டவை. இந்தக் காப்புகளில் ஒரு பிரதி பென்டிரைவில், கடைக்கு வெளியே இருக்கட்டும். 2023 டிசம்பர் வெள்ளத்தில் தாமிரபரணி ஊருக்குள் வந்தபோது கடைக்குள் மட்டும் காப்பு வைத்திருந்தவர்களுக்குக் கணினியும் காப்பும் ஒன்றாகவே போயிருக்கும்.

விண்டோஸ் பக்கமும் இதே கணக்குத்தான். ‘பவர்சிஎஃப்ஜி’ கட்டளையில் ‘சேஞ்ச்’ போட்டு ‘ஸ்டாண்ட்பை-டைம்அவுட்-ஏசி 0’ கொடுத்தால் தூங்காது. ‘டிஇசட்யுடில்’ நேர மண்டலத்தை மாற்றும். பெயர் ‘இந்தியா ஸ்டாண்டர்ட் டைம்’, இரட்டை மேற்கோளுக்குள். ரெஜிஸ்ட்ரிக்கு ‘ரெக் க்வெரி’ படிக்க, ‘ரெக் ஆட்’ எழுத, ‘ரெக் எக்ஸ்போர்ட்’ காப்பு எடுக்க. எக்ஸ்போர்ட் போடாமல் ஆட் போட வேண்டாம். எச்கேஎல்எம் கணினிக்குச் சொந்தம், எச்கேசியு அந்த நேரத்தில் கட்டளையை ஓட்டுகிற பயனருக்குச் சொந்தம். சாதாரணப் பயனர் திரையில் வேறு அட்மின் கடவுச்சொல் கொடுத்துத் திறந்த சாளரத்தில் எச்கேசியுவில் எழுதினால் அது அட்மினின் கிளைக்குப் போகும். சுடோ போட்ட ஜிசெட்டிங்ஸ் கதையேதான். பாத் மாறியை (விண்டோஸ் நிரல்களைத் தேடும் கோப்புறைகளின் பட்டியல்) ‘செட்எக்ஸ்’ஸால் நீட்டாதீர்கள், 1024 எழுத்துக்கு மேல் போனால் வெட்டி எழுதிவிடும், வெட்டுப்பட்டது திரும்பாது.

இதுவரை சொன்னதில் எந்த இடத்தில் எழுதினால் நிலைக்கும், யாருக்குப் பலிக்கும் என்பவை உறுதியானவை. ஜிடிஎம்தான் காலையில் தூங்க வைக்கிறது என்பது உங்கள் விவரிப்பிலிருந்து நான் ஊகித்தது. கணினியின் பதிவேட்டைக் காட்டும் ‘ஜர்னல்சிடிஎல்’லில் முந்தின இரவின் பதிவில் ‘சஸ்பெண்ட்’ என்ற சொல்லையும் அதற்கு முன் யார் லாகினில் இருந்தார் என்பதையும் பார்த்தால் தெளியும். ஸ்வாப்பினெஸை 10 ஆக்கினால் கணினி வேகமாகும் என்பதை நான் உறுதியாகச் சொல்ல மாட்டேன். ‘விஎம்ஸ்டாட் 1’ ஓட விட்டு, ஆட்கள் வேலை செய்யும் நேரத்தில் எஸ்ஐ, எஸ்ஓ என்ற இரண்டு நெடுவரிசையைக் கவனியுங்கள். அவை பெரும்பாலும் 0 என்றால் ஸ்வாப்பே பயன்படவில்லை, அந்த செட்டிங்கால் ஆவது ஒன்றுமில்லை. இடைவிடாமல் பெரிய எண் ஓடினால் நினைவகம் போதவில்லை. 4 ஜிபியில் இரண்டு உலாவியும் பிடிஎஃப்களும் திறந்திருந்தால் எந்த எண்ணும் காப்பாற்றாது, ரேம் வாங்கிப் போட வேண்டும்.

கரண்ட் வந்ததும் கணினி தானே ஆன் ஆக வேண்டும் என்று கடைசியில் கேட்டிருந்தீர்கள். அது இந்த மூன்று இடத்திலும் இல்லை; மதர்போர்டின் பயாஸ் என்ற தொடக்க நிரலில் இருக்கிறது. கணினி தொடங்கும்போது டெலீட் அல்லது எஃப்2 அழுத்தி உள்ளே போய், பவர் தொடர்பான பக்கத்தில் ‘ஏசி பவர் லாஸ்’ என்பது போன்ற பெயரில் தேடி ‘பவர் ஆன்’ அல்லது ‘லாஸ்ட் ஸ்டேட்’ என்று வையுங்கள். 14 கணினியிலும் ஒவ்வொன்றாகக் கையால்தான் செய்ய வேண்டியிருக்கும். அந்த பட்டன் பேட்டரி தீர்ந்த கணினிகளில் பல இந்த செட்டிங்கையும் மறந்துவிடும். ஆகவே பேட்டரியை மாற்றிவிட்டு அதற்குப் பிறகு இதைச் செய்யுங்கள்.